‘பாஷா’ – தலையா, அரசரா?

திருவண்ணாமலை, ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் எந்த ஜமாஅத்தின் பெயர்ப் பட்டியலைப் புரட்டினாலும் ‘பாஷா’ என்று முடியும் பெயர்கள் கண்ணில் படும். உதுமானியத் துருக்கியில் தளபதிகளும் ஆளுநர்களும் தாங்கிய பட்டமும் பாஷாதான். எனவே, “நம் முன்னோர் துருக்கியர், பெயரே சாட்சி” என்று சில வீடுகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தச் சாட்சியைச் சற்று விசாரிப்போம்.

தலைக்குத் துருக்கியில் ‘பாஷ்’ என்பர். உஸ்பெக் மொழியில் அது ‘போஷ்’. கஸாக்கிலும், சைபீரியாவின் யாக்கூத் மொழியிலும் ‘பஸ்’. வோல்கா நதிக்கரையில் வழங்கும் சுவாஷ் மொழியில் ஏறத்தாழ ‘புஸ்’. தமிழில் தலை, மலையாளத்தில் தல, கன்னடத்தில் தலெ என்று ஒரு சொல் கிளைத்திருப்பது போன்றதே இதுவும். இத்தனை கிளைகளுக்கும் மூலமான சொல்லை எவரும் எழுதி வைக்கவில்லை. மொழியியலாளர்கள் கிளைகளை ஒப்பிட்டு அதை மீட்டெடுத்து, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுகிறார்கள். ஏட்டில் கண்டதன்று, கணித்துப் பெற்றது என்பதற்கு அதுவே அடையாளம். மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பகுதியில் உள்ள 8-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இச்சொல் ‘பாஷ்’ என்றே நிற்கிறது. மஹ்மூத் அல்-காஷ்கரி என்னும் அறிஞர் அரபியருக்குத் துருக்கிய மொழிகளைக் கற்பிக்க 1070-களில் பக்தாதில் எழுதிய பேரகராதியிலும் அது இடம்பெற்றுள்ளது.

நாம் தலையிலிருந்து ‘தலைவர்’ என்ற சொல்லைப் பெற்றோம். துருக்கியர் பாஷிலிருந்து ‘பாஷ்கான்’ என்ற சொல்லை ஆக்கினர். நூறு வீரருக்குத் தலைவன் ‘யூஸ்பாஷி’. ஈரானின் ஸஃபவி மன்னர்களுடைய படையினர் செந்நிறத் தலையணி அணிந்ததால் ‘கிஸில்பாஷ்’, அதாவது செந்தலையர் எனப்பட்டனர். நாடிழந்த ஹுமாயூன் 1545-இல் காந்தஹாரைப் பிடிக்க உதவியவர்கள் இவர்களே.

உதுமானியரின் ‘பாஷா’ பட்டமும் இந்தத் தலையிலிருந்து முளைத்ததா? ‘பாஷ்’ என்பதோடு மூத்தவரைக் குறிக்கும் ‘ஆகா’ சேர்ந்து உருவானது என்பர் சிலர். பாரசீகத்தின் ‘பாதுஷாஹ்’ சுருங்கியது என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

நம் ஊர்ப் பாஷாவின் கதையோ வேறு. ஆற்காட்டு வட்டாரத்துத் தக்னி உருதுப் பேச்சில் ‘பாதுஷாஹ்’ என்பதன் நடுவெழுத்து தேய்ந்து ‘பாஷா’ ஆகிவிடும். தமிழில் அதே சொல் பாட்சா, பாதுஷா என்றும் வழங்கும். நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களைப் ‘பாதுஷா நாயகம்’ என்று நம் பாட்டிமார் அழைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக் கடையிலும் ஒரு பாதுஷா உண்டு! துருக்கியர் பட்டத்தின் முதலெழுத்து வல்லோசைப் ‘ப’. தக்னிச் சொல்லில் இருப்பது மெல்லொலிப் ‘ப’. தமிழ் எழுத்துக்கு அந்த வேற்றுமை தெரியாது. இரண்டு வேறு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் இந்தக் குழப்பம்.

துருக்கியிலிருந்து நேரே வந்த பெயர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிலாபத் இயக்கம் நடந்த 1919 முதல் 1924 வரையான காலத்தில் அன்வர் பாஷா, கமால் பாஷா ஆகிய பெயர்கள் இந்திய முஸ்லிம்களின் நாவில் புழங்கின. இன்றும் அவை நம்மிடையே சூட்டப்படுகின்றன. ஆனால் அது அன்பினால் வைத்த பெயர், வமிசத்தால் வந்ததன்று.

வமிசம் என்றதும் இன்னொரு சொல்லும் நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர், 1342-43 காலத்தில் மதுரை சுல்தானோடு போரிட்டு மாண்டார். அண்ணாமலையார் கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எதிரே நின்ற சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. இவர் பயணி இப்னு பதூதாவின் சகலை. ‘தாமகானி’ என்பது ஈரானின் தாம்கான் ஊரைச் சுட்டும் பெயர். ஆயினும் தமிழகத்தில் அத்தகையோர் அனைவருக்கும் வழங்கிய பெயர் ‘துலுக்கர்’, அதாவது துருக்கர். பிறகு அச்சொல், இங்கேயே பிறந்து தமிழே பேசிய முஸ்லிம்கள் மீதும் ஒட்டிக்கொண்டது. அயலார் நம்மைத் துருக்கர் என்று அழைத்ததும், நாமே பாஷாவைக் காட்டித் துருக்கர் என்று சொல்லிக்கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

உங்கள் குடும்பப் பெயர் எவ்வகை என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. பாட்டனாரின் நிக்காஹ் பதிவேட்டையோ கப்ருக் கல்லையோ உருது எழுத்தில் பாருங்கள். நடுவில் ‘தால்’ எழுத்தும் கடைசியில் ‘ஹே’ எழுத்தும் இருந்தால் அது பாதுஷாஹ். ‘பே’ எழுத்தின் கீழே மூன்று புள்ளிகள் இருந்து, ‘அலிஃப்’ எழுத்தில் முடிந்தால் துருக்கியரின் பட்டப்பெயர்.