திண்ணைப் பள்ளியின் வாய்க்கணக்கு

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு நாள்தோறும் பத்து நிமிடம் கணக்கைப் பேசிப் பார்ப்பது இன்று புதிய முறையாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் 1990-களில் கேத்தி ரிச்சர்ட்சனும் ரூத் பார்க்கரும் இதை ‘நம்பர் டாக்’ என்று அழைத்தார்கள். தாளும் பென்சிலும் இல்லாமல் பிள்ளை விடை காண வேண்டும், கண்ட வழியையும் சொல்ல வேண்டும். இதில் முதல் பாதி காவிரியின் கடைமடைக்குப் புதிதல்ல. இங்கே திண்ணைப் பள்ளிகள் பல தலைமுறைகளாக அதைத்தான் நடத்தின. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள், எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை முறை வைத்துச் சொன்னார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறியவர்களைக் கேள்வி கேட்டான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டைத்தான், 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இந்தக் கடைமடையிலுள்ள காரைக்கால் போன்ற ஊரில் மனக்கணக்கு இல்லாமல் அன்று பிழைப்பு ஓடியிருக்காது. தஞ்சை மராத்தியரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் போக, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிதான். பின்னாளில் சுற்றிலும் ஆங்கிலேயர் நாடு. அங்கே ரூபாய்க்கு 16 அணா, இங்கே 1871 வரை ரூபாய்க்கு 8 பணம். அரைக்கால் ரூபாய், அதாவது ரூபாயில் எட்டில் ஒரு பங்கு, என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் 2 அணா, இந்தப் பக்கம் 1 பணம். நெல்லோ இரு பக்கமும் மரக்காலில்தான் அளக்கப்பட்டது. எண்சுவடியின் நெல் வாய்ப்பாடான நெல்லிலக்கப்படி 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். முக்காலே அரைக்கால் மரக்கால் எத்தனை நாழி என்று கேட்டால் ஒருவன் முக்காலுக்கு 6, அரைக்காலுக்கு 1 என்று கூட்டி 7 என்பான். இன்னொருவன் முழு மரக்காலில் அரைக்கால் குறைகிறது, ஆகவே 8-இல் ஒன்று போக 7 என்பான். களத்தில் கூலி நெல் வாங்குகிறவனுக்கு இந்த இரண்டாம் வழி முதல் வழியைச் சரிபார்க்கும் காவல்.

இதெல்லாம் வெறும் மனப்பாடம்தானே என்று கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் முந்திரி, காணி, மா என்று 320-இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கும் பின்னங்கள் நாவில் தயாராக இருந்தால்தான் வேலி நிலத்தின் விளைச்சலைக் களத்தில் நின்றபடியே பங்கிட முடியும். நினைவில் வைப்பதே இந்தப் பள்ளிகளில் ஒரு கற்கும் முறையாக இருந்தது என்று கணித வரலாற்றாளர் செந்தில் பாபு விரிவாக நிறுவியிருக்கிறார். அதற்கு மேல் போவது ரொமாண்டிக் கற்பனை. ஏன் அப்படி என்று வாத்தியாரைத் திருப்பிக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை, பிரம்பு இருந்தது. உழுது நெல் விளைவித்த தலித்துகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையே இல்லை, பெண் பிள்ளைகளும் மிகச் சிலரே. கூலி அளக்கும் மரக்கால் யார் கையில் இருந்ததோ அவர் வீட்டுப் பிள்ளைக்கே கணக்கும் போய்ச் சேர்ந்தது என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது, மெட்ரிக் அளவைகள் பின்தொடர்ந்தன. மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்கள் கடைத்தெருவில் வேலையிழந்தன. அவற்றோடு தினசரி வாய்க்கணக்கையும் சேர்த்துக் கழித்துவிட்டதுதான் தவறு. அளவை மாறினால் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம், 48-உம் 27-உம் எத்தனை என்று கேட்கலாம். பழைய வாய்ப்பாட்டை மீட்கச் சொல்லவில்லை. காரைக்காலின் தொடக்கப் பள்ளிகளில் காலை வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடம் எழுதாமல் கணக்குப் பேசட்டும். விடை சொன்ன பிள்ளையிடம் “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று ஆசிரியர் கேட்கட்டும், தப்பான விடை சொன்ன பிள்ளையிடமும்.