கேட்டறிந்த மொழி

ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகள், கணக்கேடோ ஒன்றுதான். அதைப் பத்துப் பிரதிகளாக்கினால் மாலைக்குள் பத்தும் பத்து விதமாகிவிடும். ஆகவே ஏட்டை ஒரே கணினியில் வைத்து, மற்றவை அங்கே சென்று திறக்கும் வழியை நாடினார்கள். அந்தக் கணினியே கோப்புச் சேவையகம்.

ஆனால் கேட்கும் கணினிக்கும் கொடுக்கும் கணினிக்கும் பொதுமொழி வேண்டுமல்லவா? 1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் பாரி ஃபைகன்பாம் அத்தகைய மொழி ஒன்றை வகுத்தார். எஸ்எம்பி என்பது அதன் பெயர். பின்னர் மைக்ரோசாப்ட் அதை வளர்த்தது. விண்டோஸ் கணினிகள் பேசியது அதைத்தான். யூனிக்ஸ் கணினிகளுக்கோ அது புரியாது.

1991 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆய்வு மாணவராக இருந்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல். டெக் நிறுவனத்தின் மென்பொருள், அந்நிறுவனத்தின் சேவையகத்திலுள்ள கோப்புகளைத் திறந்து தந்தது. அவருக்கு வேண்டியதோ சன் கணினியிலிருந்த கோப்புகள். அவர் என்ன செய்தார்? இரு கணினிகளுக்கிடையே கம்பிவழி ஓடிய செய்திகளை ஒட்டுக்கேட்டார். இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று குறித்துக்கொண்டு, அதேபோல் பதில் சொல்லும் நிரலை எழுதினார். சந்தைக்கடையில் நின்று கேட்டே பிறமொழியில் விலை பேசப் பழகியவர்களை நாமும் அறிவோம். பூட்டை அவர் உடைக்கவில்லை. பேச்சைக் கவனித்தார், அவ்வளவுதான்.

நிரலுக்கு முன்பு வைத்திருந்த பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியதென்று தெரியவந்தது. உடனே அவர் கணினியிலிருந்த சொற்பட்டியலில் எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொற்களைத் தேடினார். கிடைத்தவற்றுள் ஒன்று, பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரான சாம்பா!

சாம்பாவில் கோப்புறையைப் பகிர்வது எளிது. சாதாரண எழுத்துக் கோப்பொன்றில் பங்கின் பெயர், அது வட்டில் இருக்கும் இடம், யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று சில வரிகள் போதும். விண்டோஸ் கணினியில் அமர்ந்தவர் சேவையகத்தின் பெயரையும் பங்கின் பெயரையும் தட்டி, கடவுச்சொல் கொடுத்தால் கோப்புறை திறக்கும். எதிரே இருப்பது யூனிக்ஸ் என்பதையே அவர் அறியமாட்டார்.

அந்த மொழியோ மாறிக்கொண்டே இருந்தது. இலக்கணமோ வெளிவரவில்லை. இரு கணினிகள் பேசும் முறை ஒருவரின் தனிச்சொத்தா? இந்தக் கேள்வி ஐரோப்பா வரை சென்றது. மைக்ரோசாப்ட் விவரங்களைத் தரவேண்டுமென 2004-இல் ஐரோப்பிய ஆணையம் தீர்ப்பளித்தது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஒரே தடவையாக 10,000 யூரோ கட்டணத்துக்கு ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைத்தன. ட்ரிட்ஜல் ஒட்டுக்கேட்கத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.