சங்கீதத்துக்கு ஒரு லைசென்ஸ்

பாளையம்பட்டி போன்ற கரிசற்காட்டு ஊர்களில், வீட்டுக்குள் சங்கீதம் பிரவேசிப்பதற்கு ஒரு காலத்தில் சர்க்காரின் அனுமதி அவசியமாயிருந்தது. 1933ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி லைசென்ஸின்றி ரேடியோப் பெட்டி வைத்திருப்பதே குற்றமாகையால், தபாலாபீஸில் வருஷந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பித்து வந்தார்கள். அதன் பின்னும், மாடிமேல் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டி, எர்த் கம்பி புதைத்த மண் கோடையில் காய்ந்து இரைச்சல் மிகாதபடி நீர் ஊற்றிவர வேண்டியிருந்தது. குடிநீருக்கே தவிக்கும் சீமையில் அது எத்தகைய சங்கீதப் பிரேமை!

1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் கச்சேரிகளை அளித்தது. 1952இல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டைக் குறுக்கியது, சாஸ்திரீய சங்கீதத்தின்மீது கொண்ட பக்தியாலேயே எனினும், ஜனங்களின் ரசனைக்கு இழைத்த அநியாயமே. அவர்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள்; அவர்களை மீட்கவே 1957இல் அகில இந்திய வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித பாரதி பிறந்தது.