ஆட்டுப்பட்டிக்கு எந்த நாய் சரி? ராஜபாளையமா, கோம்பையா, நாட்டு நாயா? வாங்கும் முன் இதைப் படிங்க!

புதுக்கோட்டை மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்களில் பத்து, இருபது ஆடு வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ராத்திரி தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்தால் ஒரு வருஷத்து வருமானம் விடியும்போது இருக்காது. தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்க 2025-ல் தமிழக அரசே உத்தரவிடும் அளவுக்குப் பிரச்னை பெரிதாகிவிட்டது. அதனால்தான் பலரும் காவலுக்கு நாய் தேடுகிறார்கள். ஆனால், எல்லா நாயும் ஆடு காக்காது.

காவல் நாய் வேறு, வேட்டை நாய் வேறு

ஆடு காக்கும் நாய் மந்தையோடு மந்தையாகக் கிடக்கும். ஆட்டைத் துரத்தாது. அந்நிய விலங்கு வந்தால் குரைத்து விரட்டும். வேட்டை நாய்க்கோ ஓடுவதைக் கண்டால் துரத்தத் தோன்றும்.

எந்த நாய் எப்படி?

• சிப்பிப்பாறை, கன்னி: முயல் வேட்டைக்குப் பெயர் போனவை. மின்னல் வேகம். துள்ளி ஓடும் குட்டிகளைத் துரத்தும் ஆபத்து உண்டு. நாயை வைத்து முயல் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

• ராஜபாளையம்: வீடு, தோட்டக் காவலுக்கு நல்ல நாய். வெள்ளை நிறக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்க.

• கோம்பை: தேனி மாவட்டத்து நாய். செம்பழுப்பு நிறம், கருத்த முகம். துணிச்சல் அதிகம். சிறு வயதிலேயே பழக்காவிட்டால் ஆட்களையும் கடிக்கும்.

• நாட்டு நாய்: நம்ம ஊர் வெயில் தாங்கும், தீவனச் செலவு குறைவு.

வெளிநாட்டு நாய் வேண்டுமா?

துருக்கியின் அனடோலியன் ஷெப்பர்டு உலகப் புகழ் பெற்ற காவல் நாய். சிறுத்தைகளிடமிருந்து ஆடுகளைக் காக்க நமீபியாவில் 1994 முதல் விவசாயிகளுக்கு வழங்கப்படுகிறது. ஆனால், பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வில், உள்ளூர் நாட்டு நாய்களே குறைந்த செலவில் நன்றாகக் காவல் காத்தது தெரியவந்தது. சின்னப் பட்டிக்கு இதுவே பாடம். இனத்தைவிட வளர்ப்புதான் முக்கியம்.

எப்படிப் பழக்குவது?

தாய், தகப்பன் நாய்கள் ஆட்டோடு அமைதியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்க. குட்டிக்கு 8 வாரம் ஆனதும் பட்டிக்குள்ளேயே, தனித் தடுப்பில் விடுங்க. 16 வாரம் வரை பழகுவதுதான் மனசில் நிற்கும். ஆட்டின் காதைக் கடித்து விளையாடினால் உடனே அதட்டணும். ஒன்றரை, இரண்டு வயது வரை தனியாக நம்பி விடக்கூடாது. கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவது குறையும்.

தடுப்பூசி, பூச்சி மருந்து

மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் போடணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் அவசியம். செத்த ஆட்டின் தலை, குடலை நாய்க்குப் போடவே கூடாது. அதில் இருக்கும் நாடாப்புழு நாய் வயிற்றில் வளர்ந்து, கழிவு வழியாக மேய்ச்சலில் கலந்து, ஆட்டின் மூளையில் கட்டியாகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாய் மட்டும் போதுமா?

போதாது. நாலைந்து நாய்கள் சேர்ந்து வந்தால் ஒற்றை நாயால் சமாளிக்க முடியாது. நாய் குரைத்து எழுப்பும், ஆட்களும் எழுந்து வரணும். அடியில் இடைவெளி இல்லாத கம்பி வலையும் ஒரு விளக்கும் கட்டாயம்.

அப்படியும் ஆடு கடிபட்டால், கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க, அல்லது 1962-க்கு அழையுங்க. ஆடு இறந்துவிட்டால், புதைக்கும் முன்பே கால்நடை மருத்துவருக்கும் விஏஓ-வுக்கும் தகவல் சொல்லி, போட்டோ எடுத்து வைப்பது நல்லது. இழப்பீடு கேட்கும்போது அது கைகொடுக்கும்.