பழங்கார்களின் பெட்ரோல் டேங்கும் நம்பமுடியாத முள்ளும்

பழங்கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் ஒன்று, பெட்ரோல் முள்ளை நம்ப முடிவதில்லை என்பது. கால் டேங்க் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடும். சில வண்டிகளில் பாதிவரை அசையாமல் நிற்கும் முள், அதன்பின் மளமளவென்று இறங்கும். இவற்றையெல்லாம் வண்டியின் வயதின்மேல் போட்டுவிடுவது வழக்கம். வயதும் ஒரு காரணந்தான், ஆனால் முதற்காரணம் அதுவன்று. கையேட்டில் அச்சான கொள்ளளவும் முள் காட்டும் அளவும் அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலேயே தோராயங்கள்தாம். அளவுகாட்டி என்பது லிட்டர் கணக்குச் சொல்வதற்காக அன்றி, பெட்ரோல் தீரப்போகிறது என்று எச்சரிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி. இதை ஏற்காமல், முள்ளைப் ‘பழைய துல்லியத்துக்கு’க் கொண்டுவர உதிரிபாகங்களை மாற்றிக்கொண்டே போகிறவர் பெரும்பாலும் வண்டிக்கு இல்லாத ஒரு தவற்றைப் புதிதாகச் சேர்த்துவிடுகிறார்.

முதலில் கொள்ளளவைப் பார்ப்போம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடரின் டேங்க் 54 லிட்டர் என்று சொல்லப்படும். மூலம் 12 இம்பீரியல் கேலன். வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 40 லிட்டர். தொடக்ககால ஃபோர்டு மஸ்டாங்குக்கு 16 கேலன், ஆனால் அது அமெரிக்கக் கேலன். இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். அமெரிக்க வண்டியின் 16 கேலனை இம்பீரியல் என்று எடுத்துக்கொண்டவர் சுமார் 73 லிட்டரை எதிர்பார்ப்பார், கிடைப்பதோ சுமார் 60 லிட்டர். இந்தக் குழப்பத்தைத் தாண்டினாலும் ‘கொள்ளளவு’ என்பது ஒரே எண்ணாக நிற்பதில்லை. வாய்வரை ஊற்றினால் பிடிப்பது ஓர் அளவு, கையேடு சொல்வது இன்னோர் அளவு, எஞ்சினுக்குப் போய்ச் சேர்வது மூன்றாவது அளவு. உறிஞ்சு குழாய் டேங்கின் அடியைத் தொடுவதில்லை, ஆகவே அடியில் கொஞ்சம் எப்போதும் தங்கிவிடும். மேலேயும் இடம் விட வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 54 லிட்டர், உச்சி வெயிலில் 20 பாகை சூடேறினால் ஒரு லிட்டருக்கு மேல் பெருகி வழிய இடம் தேடும். 1970-இல் கலிஃபோர்னியாவிலும் அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதிலும் பெட்ரோல் ஆவி வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, விரிவுக்கான இந்தக் காலியிடத்தை டேங்குக்குள்ளேயே நிரந்தரமாக ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று.

எஞ்சினுக்குக் கிடைக்கும் அளவு சாலையின் சரிவைக்கூடச் சார்ந்தது என்பதற்கு ஃபோர்டு மாடல் டி நல்ல சான்று. 1908-இல் வெளிவந்த அந்த வண்டியில் சுமார் 10 அமெரிக்கக் கேலன் டேங்க் முன்னிருக்கைக்குக் கீழே இருந்தது. பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தன் எடையால் தானே இறங்கியது. செங்குத்தான மேட்டில் வண்டி மூக்கை உயர்த்தினால், டேங்கில் பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டருக்கு வராது. அதனால்தான் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மாடல் டி ஓட்டுநர்கள் மேடுகளைப் பின்பக்கமாக ஏறினார்கள். சமதரையில் பல மைல் ஓடப் போதுமான பெட்ரோல், மலைப்பாதையில் ஒரு வளைவுக்கும் போதாது. ‘டேங்கில் எவ்வளவு இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அந்த வண்டியில் ஒரே விடை இருந்ததில்லை. டேஷ்போர்டில் முள்ளும் இருந்ததில்லை. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோடு போட்ட குச்சியை விட்டுத்தான் பார்த்தார்கள். குச்சி பொய் சொல்லாது என்று நாம் நினைக்கலாம். ஆனால் அது காட்டுவதும் உயரத்தைத்தான், கன அளவை அன்று. படுக்கவைத்த உருளை வடிவ டேங்கில் கால் உயரத்துக்குப் பெட்ரோல் நின்றால் இருப்பது கால் பங்கு இல்லை, ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு உயரத்தில் இருப்பது இருபதில் ஒரு பங்குதான். 38 லிட்டர் டேங்கில் ‘கால்’ என்று நம்பியவர் இரண்டு லிட்டரை இல்லாமலே கணக்கில் எழுதிக்கொண்டவர் ஆகிறார். குச்சியில் கோடுகளைச் சம இடைவெளியில் போட்டால் தவறு வரும் என்பது அன்றே தெரிந்த செய்தி. பின்னால் வந்த மிதவைகளும் முட்களும் இந்தத் தவற்றை அப்படியே வாரிசாகப் பெற்றன.

முள்ளே இல்லாமல் எவ்வளவு காலம் ஓட்ட முடிந்தது என்பதும் என் வாதத்துக்கு உதவும் சான்று. பீட்டிலில் 1962 மாடல் வரும்வரை பெட்ரோல் அளவுகாட்டி இல்லை. காலால் திருப்பக்கூடிய ஒரு குழாய்த்திறப்பு இருந்தது: திறப்பு, அடைப்பு, ரிசர்வ். எஞ்சின் இருமத் தொடங்கினால் ரிசர்வுக்குத் திருப்பிவிட்டு, மீந்திருக்கும் ஏறத்தாழ ஐந்து லிட்டரில் அடுத்த பெட்ரோல் பங்கைத் தேடிப் போக வேண்டும். புல்லட், ராஜ்தூத் மோட்டார்சைக்கிள்களை ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். சிட்ரோயன் 2சிவியின் தொடக்கக்கால வண்டிகளிலும் குச்சிதான் அளவுகாட்டி. லட்சக்கணக்கில் விற்ற இந்த வண்டிகள் நடுவழியில் நிற்கும் வண்டிகள் என்று பெயரெடுக்கவில்லை. காரணம், ரிசர்வ் ஏற்பாடு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொன்னது, அதை உறுதியாகச் சொன்னது. அதன் குறையும் வெளிப்படையானது: பெட்ரோல் போட்ட பிறகு திறப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால், அடுத்த முறை ரிசர்வே இருக்காது. ஓட்டுநர் தன் நினைவை நம்பியாக வேண்டிய அந்த நிலையை மாற்றத்தான் முள் வந்தது. பீட்டிலுக்கு முதலில் கம்பிவடத்தால் இயங்கும் அளவுகாட்டியும், 1968 மாடலில் மின்சார அளவுகாட்டியும் கிடைத்தன.

மின்சாரத்துக்கு முன்னும் நேர்மையான முயற்சிகள் நடந்தன. 1927 கடைசியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னாலேயே இருந்ததால், மிதவை நேராக எண்கள் எழுதிய ஓர் உருளையைத் திருப்பியது, ஓட்டுநர் அதைக் கண்ணாடி வழியே படித்தார். கம்பியோ மின்சாரமோ இடையில் இல்லை. பெட்ரோலை ஓட்டுநரின் மடிக்கு மேலே வைத்ததுதான் அதன் விலை, கண்ணாடியைச் சுற்றிய அடைப்பு உலர்ந்தால் கசிவு உள்ளேயே வரும். டேங்க் பின்பக்கம் போன பிறகு, 1932 முதல் சில ஆண்டுகள் ஃபோர்டு வண்டிகளில் கிங்–சீலியின் நீரழுத்த அளவுகாட்டி இருந்தது. டேங்கில் நிற்கும் பெட்ரோலின் அழுத்தம் மெல்லிய குழாயில் அடைபட்ட காற்றைத் தள்ள, அது டேஷ்போர்டிலுள்ள கண்ணாடிக் குழாயில் சிவப்புத் திரவத்தை உயர்த்தும். அழகான கருவி. பெட்ரோலின் எடையையே அளந்ததால் மிதவையின் சிக்கல்கள் அதற்கில்லை. ஆனால் காற்றுக்குழாயில் ஊசிமுனையளவு கசிவு இருந்தாலும் எல்லாம் கெட்டுவிடும்.

பழங்கார்களில் இன்று பெரும்பாலும் காணப்படுவது மின்சார அளவுகாட்டி. அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இவற்றின் வேறுபாட்டை அறியாமல் செய்யும் பழுதுபார்ப்புதான் மிகப் பெரிய தவறுகளைத் தருகிறது. முதல் வகையில் இரண்டு மின்சுருள்கள் முள்ளை எதிரெதிராக இழுக்கும். பாட்டரியின் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் இரு சுருள்களுக்கும் ஒன்றுபோல ஆவதால் காட்டும் அளவு மாறாது, ஆனால் வளைவில் பெட்ரோல் அலம்பினால் முள்ளும் கூடவே ஆடும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இந்த வகை. இரண்டாவது வகையில் ஈருலோகப் பட்டை ஒன்று மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து முள்ளை நகர்த்தும். சாவியைத் திருப்பினால் முள் மெதுவாக எழுந்து நிற்கும், அலம்பலைக் கண்டுகொள்ளாது. ஆனால் வோல்ட் மாறினால் அளவும் மாறும், எனவே அதற்கு ஒரு வோல்ட் சீராக்கி தேவை. ஃபோர்டில் அது சராசரி 5 வோல்ட், பிரிட்டிஷ் வண்டிகளின் ஸ்மித்ஸ் கருவிகளில் 10 வோல்ட். அதே சீராக்கி பெரும்பாலும் எஞ்சின் வெப்பமுள்ளுக்கும் மின்சாரம் தருவதால், இரண்டு முட்களும் ஒரே திசையில் தவறினால் டேங்கைக் கழற்றும் முன் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மிதவையின் அசைவுக்கேற்ப மின்தடையை மாற்றும் பாகமான டேங்க் யூனிட்டின் அளவுகளும் குடும்பத்துக்குக் குடும்பம் தலைகீழ். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் காலி என்றால் பூஜ்யம், நிறைந்தால் 1965-ஐ ஒட்டிய காலம்வரை 30 ஓம், அதன்பின் 90 ஓம். ஃபோர்டில் காலிக்கு ஏறத்தாழ 73 ஓம், நிறைந்தால் 10. ஆகவே கம்பி அறுந்தால் முதல் வண்டி ‘நிறைந்திருக்கிறது’ என்று காட்டும், இரண்டாவது ‘காலி’ என்று காட்டும். டேங்கைத் தாங்கும் பட்டையில் துருப்பிடித்து எர்த் கெட்டால், ஃபோர்டு ஓட்டுநர் தேவையில்லாமல் பங்குக்குப் போவார், செவ்ரலே ஓட்டுநர் நடுவழியில் நிற்பார். ஒரே பழுதுக்கு இரண்டு விளைவு! இதில் மிகக் கொடியது, புதிய 90 ஓம் யூனிட்டைப் பழைய 30 ஓம் முள்ளோடு இணைப்பது. டேங்க் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை முள் ‘நிறைவு’ என்றே நிற்கும், பிறகு மொத்தமாகச் சரியும். உரிமையாளர் இதை வண்டியின் கிழத்தன்மை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அந்த வண்டியில் புத்தம்புதிதாக இருக்கும் பாகம்தான் பொய் சொல்கிறது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இன்றைய கார்கள் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றே சொல்கின்றன, ஆகவே துல்லியம் எட்டக்கூடியதுதானே, பழைய தயாரிப்பாளர்கள் அக்கறை காட்டவில்லை என்பதுதானே உண்மை? அக்கறையின்மை அன்று என்பேன். இன்றைய வண்டியிலும் டேங்குக்குள் இருப்பது பெரும்பாலும் மிதவையும் மின்தடையும்தான். மாறியது, அந்த டேங்கின் வடிவம் ஓர் அட்டவணையாகக் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதும், அலம்பலைச் சராசரியாக்கும் கணக்கும். துல்லியம் முள்ளிலிருந்து வரவில்லை, டேங்கை அறிந்ததிலிருந்து வந்தது. அந்தக் கணினி இல்லாத காலத்தில், மிதவைத் தண்டு வில்லாக அசையும், டேங்க் உடற்கூட்டின் இடுக்குகளுக்கேற்ப வளைந்திருக்கும், ஒரு முகப்பில் ஐந்தாறு கோடுகள்தான் இருக்கும் என்ற நிலையில், பொறியாளர் ‘காலி’க்கோட்டைக் கொஞ்சம் முன்னதாகவே வைத்து ஓட்டுநரைக் காப்பாற்றினார். அது தெரிந்து செய்த சாய்வு. பாதி இறங்கியதும் நிரப்பிவிட்டால் இந்தக் கவலையே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. நல்ல பழக்கந்தான், ஆனால் முள்ளின் ‘பாதி’ எத்தனை லிட்டர் என்று தெரிந்திருந்தால் மட்டுமே அது காப்பாற்றும். மேலே சொன்ன, 30 ஓம் முள்ளோடு 90 ஓம் யூனிட் இணைத்த வண்டியில் முள் பாதிக்கு வரும்போது டேங்கில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும்.

வயதின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. மிதவை துளைபட்டுப் பெட்ரோலைக் குடித்து மூழ்கினால் முள் எழாது. டேங்கின் அடி கல்பட்டு உள்ளே நசுங்கினால் இரண்டு கேடு: கொள்ளளவு குறையும், மிதவையும் அந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டு ‘இன்னும் இருக்கிறது’ என்று காட்டும். இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் பரவலாகிவிட்டது. மிகப் பழைய வண்டிகளின் தக்கை மிதவைகளுக்கு அரக்கு மெருகு பூசியிருப்பார்கள், அரக்கு ஆல்கஹாலில் கரையும். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் டேங்கின் அடியில் தங்கித் துருவையும் எர்த் கோளாறையும் வளர்க்கும். துருவை அடைக்க உள்ளே பூசும் பூச்சு கவனமில்லாமல் பூசப்பட்டால் மிதவைத் தண்டையே ஒட்டவைத்துவிடும்.

எனவே ஒரு பழங்காரை மீட்டெடுப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தனி வண்டிக்கு ஓர் அட்டவணை எழுதுவது. பங்குக்குப் போகும்போதெல்லாம், சமதரையில் வண்டியை நிறுத்தி, முள் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு நிரப்பி, எத்தனை லிட்டர் போயிற்று என்று எழுதிவர வேண்டும். வெவ்வேறு நிலைகளிலிருந்து நிரப்பிய சில குறிப்புகள் சேர்ந்துவிட்டால், முள்ளின் ஒவ்வொரு கோட்டுக்கும் உண்மை அளவு தெரிந்துவிடும். சுருள்வகை முள் என்றால் வண்டி முழுதாக நின்ற பிறகும், ஈருலோக வகை என்றால் சாவி திருப்பி முள் எழுந்து நிலைத்த பிறகும்தான் படிக்க வேண்டும். டேங்க் திறந்திருக்கையில் கம்பிகளைத் தொட்டுச் சோதிப்பது பெட்ரோல் ஆவியில் தீப்பொறியை வைப்பதாகும், அதை யாரும் செய்யக்கூடாது. இந்தக் குறிப்புகள் கையில் இருந்தும் முள் தாறுமாறாக அசைந்தால், முதலில் எர்த்தையும், அடுத்து சீராக்கியையும், கடைசியாகவே டேங்க் யூனிட்டையும் பாருங்கள். யூனிட்டை மாற்றத்தான் வேண்டுமென்றால், முள்ளின் ஓம் அளவைக் கேட்டறியாமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்காதீர்கள்.