காதுக்கு வைக்காத பரீட்சை

போன வருஷம் செட்டிகுளத்தில் ஓஎல் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனோம். பெரிய திட்டமெல்லாம் இல்லை. பழைய வினாத்தாள்களைச் செய்விக்கிறது, பிழை திருத்துறது, அவ்வளவுதான். ஒருநாள் சும்மா ஒரு யோசனை வந்தது. ஒரு சின்னக் கதையை இரண்டாகப் பிரித்தோம். முதல் பாதியை அச்சடித்துக் கொடுத்துக் கேள்வி கேட்டோம். மற்றப் பாதியைப் போனில் பதிந்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் போட்டுக் கேள்வி கேட்டோம். வெள்ளைக்காரக் குரல்கூட இல்லை, எங்களில் ஒருத்தியின் குரல்தான். வாசிப்புப் பகுதியை வழக்கமாய்ப் பிழையில்லாமல் செய்கிற ஒரு பிள்ளை வெறுந்தாளைத் தந்தாள்.

"அண்ணா, திரும்பப் போடுங்கோ."

போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "இல்லையண்ணா, எழுதித் தாங்கோ, செய்யிறன்."

அந்த "எழுதித் தாங்கோ" எங்களை விட்டுப் போகவில்லை. ஏனெண்டால் நாங்களும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை ஒன்பது வருஷம் ஆங்கிலம் படித்தோம். எங்கள் காதை ஒருத்தரும் ஒருநாளும் பரீட்சிக்கவில்லை. இது எப்படி வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் வினாத்தாள். நாங்கள் எழுதியபோது ஓஎல் ஆங்கிலத்துக்கு இரண்டு பேப்பர்: முதலாவது 1 மணித்தியாலம், அடுத்தது 2 மணித்தியாலம். மொத்தம் 16 ரெஸ்ட். படத்தைப் பார்த்து எழுது, படிவம் நிரப்பு, பந்தியை வாசித்து விடை சொல்லு, கடிதம் எழுது. ஒன்றுகூடக் காதால் செய்கிற வேலை இல்லை. பாடப்புத்தகத்தில் 'கேளுங்கள்' என்ற பயிற்சி இருந்தது உண்மை. ஆனால் வராத கேள்விக்கு யார் படிப்பிக்கிறது? "அது சோதினைக்கு வராது, அடுத்த பக்கத்துக்குப் போங்கோ" என்று சொன்ன மிஸ்மாரை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஒரு பாடவேளைக்குள் அவர்கள் வேறு என்ன செய்வது? ஏஎல் பொது ஆங்கிலமும் எழுத்துத்தான். அது பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது என்பதால் அதைப் படிக்கிறவர்களும் குறைவு.

எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதல் பரீட்சை நடத்தியது 1858இல். அதில் தொடக்கப் பாடங்களாக இரண்டு விஷயம் இருந்தன: உரத்து வாசிக்கிறது, சொல்வதெழுதுகிறது. காதால் கேட்டு எழுதத் தெரியாத பிள்ளை மற்றதுக்குப் போகேலாது. இந்தப் பரீட்சைகள் 1880 அளவில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. பிறகு 1913இல், வெளிநாட்டவர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் ஒரு ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை தொடங்கியது. சொல்வதெழுதல், உரத்து வாசித்தல், உரையாடல் எல்லாம் சேர்த்து 12 மணித்தியாலம். முதல் தடவை இருந்தவர்கள் 3 பேர். மூன்று பேரும் பெயில்!

கேம்பிரிட்ஜுக்கு முன்னமே எங்கள் பக்கம் ஆங்கிலம் வந்துவிட்டது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் படிப்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், அங்கே படித்தவர்கள். 1833இல் வந்த கோல்புறூக் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க உத்தியோகம் என்ற கதவு திறந்தது. பெடியள் அதுக்காகவே படிக்க வந்தார்கள். மிஷன் எதிர்பார்த்தது வேதம் சொல்கிறவர்களை, கிடைத்தது கிளாக்கர்மாரை. தாய்மொழியில் படிப்பிப்பதே மிஷனின் வேலை என்று முடிவெடுத்து 1855இல் செமினரியையே மூடிவிட்டார்கள். உத்தியோகத்துக்காக ஆங்கிலம் என்ற கதை அவ்வளவு பழசு.

அந்த நாள் பிள்ளைக்குக் காது எப்படிப் பழகியது? கணிதமும் ஆங்கிலத்தில், சரித்திரமும் ஆங்கிலத்தில், ஏச்சும் ஆங்கிலத்தில். நாள் முழுக்க அது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களுக்குள் போனது ஒரு சிறு கூட்டம்தான். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியில் படிப்பு முதலில் ஆரம்ப வகுப்புகளுக்கும், ஐம்பதுகளில் மேல் வகுப்புகளுக்கும் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் எங்கள் அம்மாமார் பள்ளிக்கூட வாசலையே கண்டிருக்கமாட்டார்கள். அதில் எங்களுக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை. ஆனால் அதோடு ஆங்கிலம் நாள் முழுக்கக் கேட்கிற மொழி என்ற நிலையிலிருந்து ஒரு பாடவேளையாகச் சுருங்கியது. காதுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது அப்போதுதான். நாடு முழுக்க ஒரே நாளில் ஒரே மாதிரி நடத்தவேண்டிய பரீட்சையோ தாளை மட்டும் நம்பியது. தாளைக் கட்டி லொறியில் அனுப்பலாம். ஒரே குரலை, ஒரே அமைதியை எப்படி அனுப்புறது?

பிறகு ஆங்கிலம் யாருடைய கையில் தங்கியது என்பதற்குத் தெற்கில் ஒரு சொல் உண்டு: 'கடுவ'. சிங்களத்தில் வாள். கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் அது. மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். வெட்டுப்பட்டவர்களுக்கு அது விளங்கும். நேர்முகத்தில் கேள்வி காதில் விழுந்து, விளங்காமல், "பாடன்?" என்று கேட்கவும் வெட்கப்பட்டு நின்ற எங்கள் அக்காமாருக்கும் விளங்கும்.

வடக்கில் இதைக் கிட்ட நின்று பார்த்து எழுதியவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1990 அளவில், குண்டுவீச்சுகளுக்கு இடையில், அவர் நடத்திய ஆங்கில வகுப்புக்கு அமெரிக்காவில் அச்சான ஒரு பாடப்புத்தகம். அதன் ஓரங்களில் மாணவர்கள் தமிழில் பொருள் எழுதினார்கள், சினிமாவையும் போராட்டத்தையும் கீறினார்கள். கதைத்துப் பழகுகிற பயிற்சிகளை அவர்கள் பெரிதாக விரும்பவில்லை. "சோதினைக்கு இலக்கணம் தாங்கோ" என்பதுதான் நிலைப்பாடு. 1999இல் வந்த அவருடைய புத்தகத்தை வாசிக்கும்போது, அந்த மாணவர்களும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிற மாதிரி இருந்தது.

இதுக்குள் ஒரு முரண் இருக்கிறது. காதால் வாழ்ந்த சனம் என்றால் வன்னிச் சனம்தான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். பிபிசி தமிழோசை நேரத்துக்கு வீட்டில் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. கிபிர் எந்தப் பக்கம் வருது, செல் போகுதா வருதா என்று ஐந்து வயதுப் பிள்ளை சத்தத்தில் சொல்லும். எங்களில் ஒருத்தியின் மாமா ஆங்கிலக் கிரிக்கெட் வர்ணனை கேட்டே ஆங்கிலம் பிடித்தவர். 'மிட் ஒஃப்' எங்கே, 'கவர்' எங்கே என்று மைதானத்தைப் பார்க்காமலே கீறிக் காட்டுவார். ஓஎல்லில் அவருக்கு ஆங்கிலம் பெயில். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தை அந்தத் தாள் கேட்கவே இல்லை.

இனி 2009. அந்த வருஷத்தை அரசாங்கம் 'ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு' என்று பிரகடனம் செய்தது. பெப்ரவரியில் 'வாழ்க்கைத் திறனாக ஆங்கிலம்' என்ற திட்டம் தொடங்கியது. அதன் சுலோகம் ஆங்கிலத்தை எங்கட பாணியில் கதைப்போம் என்பது. ஜனாதிபதி ஆலோசகர் சுனிமல் பெர்னாண்டோ அதை முன்னெடுத்தார், ஆசிரியர் பயிற்றுநர்கள் ஹைதராபாத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தார்கள். இலக்கணப் பயத்தை விடுங்கள், கேளுங்கள், கதையுங்கள் என்றார்கள். கேட்டலையும் பேச்சையும் பரீட்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற கதையும் அதோடு எழுந்தது. நேர்மையாகச் சொன்னால், அந்த யோசனையில் எங்களுக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. சரியான யோசனை.

அதே பெப்ரவரியில் சனம் சுதந்திரபுரம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சனம் வந்து நின்ற இடம் எங்கள் செட்டிகுளம். மெனிக்பாமில் உச்சத்தில் 2 லட்சத்துக்கும் மேலான ஆட்கள், தறப்பாள் கொட்டில்கள், முள்ளுக்கம்பி. முகாம்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர். நாலு பேரும் ஆங்கிலத்தால் உயர்ந்த தமிழர். அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி சிவில் சேவைக்குள் போனவர். கதிர்காமர் 1959இல் ஒக்ஸ்போர்ட் யூனியனின் தலைவர். ஆனந்தகுமாரசுவாமி பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு உலகத்துக்கு எழுதினவர். பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அந்த முகாம்களுக்குள்ளும் ஆங்கிலம் இருந்தது. அதுவும் காது வழியாகத்தான் வந்தது. சோன், புளொக், ரோக்கன், பவுசர், பாஸ். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மம்மாவும் ஒரு கிழமைக்குள் இந்தச் சொற்களைச் சரியாகப் பாவித்தா. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டால் கொட்டிலே அமைதியாகும். தவறவிட்டால் என்ன போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டல் பரீட்சை என்றால் அதைவிடப் பெரிய கேட்டல் பரீட்சை இருக்குமா? அந்த ஆகஸ்டில் ஏஎல்லும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் முகாம்களுக்குள்ளேயே நடந்தன. எங்களில் இருவர் அந்தப் புலமைப்பரிசில் எழுதினவர்கள். தறப்பாள் காற்றுக்கு அடித்த சத்தம்தான் ஞாபகம், கேள்வி ஒன்றும் ஞாபகமில்லை என்கிறார்கள். தாள் என்றபடியால் எழுத முடிந்தது. அன்றைக்கு ஒரு ஒலிப்பதிவைப் போட்டிருந்தால்?

இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. பாதிப்பேர், கேட்டல் பரீட்சை உடனே வேணும் என்றோம். பரீட்சையில் வராதது வகுப்பில் வராது, அதுக்கு நாங்களே சாட்சி. மற்றவர்கள் சீனாவைக் காட்டினார்கள். அங்கே பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 150 புள்ளி, அதில் 30 கேட்டலுக்கு, 20 கேள்விகள். அந்த நேரம் மண்டபத்துக்குப் பக்கத்து வீதியில் வாகனம் கோர்ன் அடிக்கக்கூடாது, கட்டிட வேலை நிற்கும். பெய்ஜிங்கில் கேட்டல் பகுதியைக் கணினியில் வைக்கிறார்கள், வருஷம் இரண்டு தடவை இருந்து நல்ல புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். தென் கொரியாவில் கேட்டல் நேரத்துக்கு விமானங்களே இறங்காது, ஏறாது. இவ்வளவு செய்தும், வாசிக்கத் தெரியும் வாய் திறக்கத் தெரியாது என்ற நிலைக்குச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல ஒலிக்கூடமும் நல்ல ஆசிரியரும் இருக்கிற நகரத்துப் பிள்ளைக்கு கேட்டல் இலேசு, மலைக்கிராமத்துப் பிள்ளைக்குக் கஷ்டம் என்ற முறைப்பாடு அங்கேயும் உண்டு. கொழும்புக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவில் அந்தத் தூரம் குறைவா?

எங்களில் ஒருத்தனுக்கு 2009 ஏப்ரலில் இருந்து இடது காது சரியாகக் கேட்காது. இந்த விவாதம் முழுக்கப் பேசாமல் இருந்தவன், கடைசியில் கேட்டான்: "எனக்கு ஸ்பீக்கரை எந்தப் பக்கம் வைப்பாங்கள்?"

அவன் கேட்டல் பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பிறகுதான் அது விளங்கியது. வைத்தால் யாருக்கு எப்படி வைப்பது என்று இப்பவே எழுதிவைக்கச் சொல்கிறான். ஏனென்றால் வைக்காமல் விட்டதாலும் இழப்பு அவனைப் போன்றவர்களுக்குத்தான். எங்களோடு படித்தவர்கள் இப்போது வெளியே போக ஐஈஎல்ரிஎஸ் எழுதுகிறார்கள். கேட்டலுக்கு ஏறக்குறைய 30 நிமிஷம், 40 கேள்வி, பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். வாழ்க்கையில் அவர்கள் எழுதும் முதல் கேட்டல் பரீட்சை அதுதான். இலவசக் கல்வி தராத அந்தப் பரீட்சையைக் காசு கட்டி, சிலர் இரண்டாம் மூன்றாம் தடவையும் கட்டி எழுதுகிறார்கள்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கடைசி அரை மணித்தியாலத்தைக் காதுக்கு ஒதுக்கினோம். சிலநாள் பதிவு, சிலநாள் சொல்வதெழுதல், சிலநாள் கிரிக்கெட் வர்ணனை (மாமா வந்து நடத்தினார், வகுப்பு நேரத்துக்கு முடியவில்லை). காது கேட்காதவன் ஸ்பீக்கரைத் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வாங்கில் இருந்து பிள்ளைகளோடு சேர்ந்து எழுதினான்.

ஒரு ஞாயிறு ஐந்தாவது கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமன்னார் ரெயின் போனது. 1990இல் நின்றுபோய் 2013இல் திரும்ப ஓடத் தொடங்கின பாதை. எங்கள் இடத்துக்குக் கிட்டத்தான் தண்டவாளம். பதிவை நிற்பாட்ட மறந்துபோனோம். ரெயின் போய் முடிய கேள்வியும் முடிந்துவிட்டது. அதனால் ஐந்தாம் கேள்விக்கு எல்லாருக்கும் புள்ளி போடுவதென்று தீர்மானித்தோம். முதல்நாள் வெறுந்தாள் தந்த பிள்ளை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குக் கேட்டதண்ணா. நான் சரியாத்தான் எழுதியிருக்கிறன், பாருங்கோ."