புரள், புரட்டு, புரட்சி

தமிழில் "புரள்" என்று ஒரு சின்ன வினைச்சொல் உண்டு. தூக்கத்தில் புரண்டு படுப்பார்கள். ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடும். ரயில் தடம் புரளும். மேலே இருந்தது கீழே போவது, அல்லது ஒன்று தன் இடத்தை மீறிப் போவது, இதுதான் அதன் பொருள்.

இதற்குப் பிறவினை "புரட்டு". தோசையைப் புரட்டுவார்கள், புத்தகத்தைப் புரட்டுவார்கள், பீஸ் கட்டப் பணம் புரட்டுவார்கள்! வணிகவியல் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "விற்றுமுதல்" என்று இருப்பதை இலங்கைத் தமிழில் "புரள்வு" என்பார்கள்.

இந்த ஒரே வினையிலிருந்து இரண்டு பெயர்ச்சொற்கள் வந்தன. ஒன்று புரட்சி, மற்றொன்று புரட்டு, அதாவது ஏமாற்று வேலை. எப்படி ஒரே வேரில் இரண்டும்?

இலக்கணத்தில் விடை இருக்கிறது. வறள் - வறட்சி, திரள் - திரட்சி என்பது போலத்தான் புரள் - புரட்சி. அது தன்வினையில் பிறந்தது. தானே புரள்வது. புரட்டு என்பதோ பிறவினை. ஒருவர் தன் வசதிக்காக ஒன்றைத் திருப்பிப் போடுவது.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. "ரெவல்யூஷன்" லத்தீன் மொழியிலிருந்து வந்தது. சுற்றி வருதல் என்று பொருள். 1543-ல் கோபர்நிகஸ் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறது. அங்கே அது வானக் கோளங்களின் சுழற்சியைக் குறித்தது. சுற்றுகிற பொருள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் அல்லவா? அதனால்தான் 1660-ல் இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பி வந்ததைக்கூட ரெவல்யூஷன் என்றார்கள்! 1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடியபோதும், பறிபோன பழைய உரிமைகள் திரும்பி வந்தன என்றே பலர் நினைத்தார்கள்.

1789-ல் பிரான்சில் நடந்தது அந்தப் பொருளையே மாற்றியது. அங்கே பழைய இடத்துக்குத் திரும்பும் பேச்சே இல்லை. நாட்காட்டியைக்கூட மாற்றி, பத்து நாளுக்கு ஒரு வாரம் என்று வைத்தார்கள். "தலைகீழாக மாற்று" என்ற பொருளில் ஆங்கிலத்தில் "ரெவல்யூஷனைஸ்" என்ற வினைச்சொல் பிறந்ததும் 1790-களில்தான்.

புரள்வதை யாரும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதையும் பிரான்ஸ் காட்டியது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரின் தலை வெட்டப்பட்டது. அவருக்கு மரண தண்டனை வேண்டும் என்று வாதாடியவர் ரோபஸ்பியர். 1794 ஜூலையில் அவர் தலையும் அதே போல வெட்டப்பட்டது.

பிறகு இந்த வினைச்சொல் வியாபாரத்துக்குள் நுழைந்தது. 1848-ல் மார்க்ஸும் ஏங்கல்ஸும் கம்யூனிஸ்ட் அறிக்கையில் இதை யாருக்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? முதலாளி வர்க்கத்துக்கு! உற்பத்திக் கருவிகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் அந்த வர்க்கத்தால் வாழ முடியாது என்பது அவர்கள் வாதம்.

தமிழில், 1917-ல் ரஷ்யாவில் ஜார் ஆட்சி வீழ்ந்ததைப் பாடிய பாரதியார் "யுகப்புரட்சி" என்ற சொல்லைக் கையாண்டார். 1968-ல் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் ஆங்கிலத்தில் சூட்டிய பெயர் தமிழில் "பசுமைப் புரட்சி" ஆனது. கோதுமை, நெல் விளைச்சல் பல மடங்கு கூடியதால் அந்தப் பெயர் நிலைத்தது. கூடவே உரச் செலவும் நிலத்தடி நீர்ப் பிரச்சினையும் வந்தன. அதுவும் புரள்வதன் குணம்தான்.

இன்று சோப்பு விளம்பரத்திலும் செல்போன் விளம்பரத்திலும் "புரட்சி" வருகிறது. அரசியல் பட்டங்களில் கேட்கவே வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கீழே இருந்தவர் யாராவது மேலே வந்தாரா? அப்படி யாரும் வரவில்லை, சொன்னவருக்கு மட்டும்தான் லாபம் என்றால் அதற்குச் சரியான பெயரும் அதே வேரில்தான் இருக்கிறது. புரட்டு!